நாய வளர்க்கலாம், ‘க்ரோ’ பண்ண முடியாது

போன இதழ்ல மாடித்தோட்டம் பத்தின ஒரு பதில்ல போற போக்குல, செடி வளர்க்கற பைக்கு சொல்ற ‘க்ரோ பேக்’ல வர்ற அந்த க்ரோவ (grow) பத்தி ஒரே ஒரு வரி எழுதினேன். அதுக்கப்புறம் வந்த லெட்டர், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்துலயும் அதே வார்த்தை தான். சரி, இந்த தடவை முழுப் பக்கத்தையும் அதுக்கே குடுத்துருவோம்னு எடிட்டர்கிட்ட கேட்டேன், “இங்கிலீஷ் க்ளாஸ் ஆயிடாம பாத்துக்கோங்க சார்”னு மட்டும் சொன்னாங்க. பாத்துக்கறேன். நிறைய பேர் பேர் போட வேண்டாம்னு எழுதியிருக்கறதால ஊர் மட்டும் போட்டிருக்கேன்.

என் பொண்ணு அஞ்சாவது படிக்கறா. ‘மை பெட்’ கட்டுரைல “வி ஆர் க்ரோயிங் எ டாக்”னு எழுதிட்டா. மிஸ் சிவப்பு மையில சுழிச்சு விட்டுட்டாங்க, காரணம் சொல்லல. வீட்ல நாய் வளர்க்கத்தானே செய்யறோம், வளர்க்கறதுன்னா க்ரோ தானே? — தாராபுரம்

மிஸ் சுழிச்சது சரி தாம்மா. காரணமும் சேத்து சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

நம்ம ‘வளர்க்கறது’ இருக்கே, அது ரொம்ப தாராள மனசுக்கார வார்த்தை. செடி வளர்க்கறோம், தாடி வளர்க்கறோம், நாய், ஆடு, கோழி, பட்டுப்புழு, தொட்டி மீன், பெத்த புள்ளைங்க, ஹோமத்துல அக்னி வரைக்கும் எல்லாத்தையும் அந்த ஒரே வார்த்தைல வளர்த்துடறோம். இங்கிலீஷ்காரன் அத துண்டு துண்டா பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்து வச்சிருக்கான். நாய், பூனை, லவ் பேர்ட்ஸ்னா ‘கீப்’ இல்லாட்டி வெறும் ‘ஹேவ்’, வி ஹேவ் எ டாக், முடிஞ்சுது. ஆடு மாடு கோழின்னா ‘ரெய்ஸ்’, பிரிட்டிஷ் பக்கம் ‘ரியர்’னும் சொல்வாங்க, நம்ம ஊர் பட்டு வளர்ச்சித் துறை ஆளுங்க ‘சில்க்வார்ம் ரியரிங்’னு சொல்றது இது தான். புள்ளைங்கன்னா ‘ப்ரிங் அப்’ இல்ல ‘ரெய்ஸ்’. க்ரோவோட பங்குக்கு வந்தது நெல்லு, தக்காளி, ரோஜா மாதிரி மண்ணுல மொளைக்கற அயிட்டம்.

ஏன் இப்படின்னா, அந்த வார்த்தை பொறந்ததே செடிகொடிக்காக. பழைய ஆங்கிலத்துல ‘க்ரோவன்’னு இருந்துச்சு, பெரும்பாலும் தாவரம் தழைச்சு வர்றத சொல்ல. புல்லுக்கு சொல்ற ‘க்ராஸ்’, பச்சைக்கு சொல்ற ‘க்ரீன்’, இந்த க்ரோ மூணும் ஒரே வேர்ல இருந்து வந்த பங்காளிங்கன்னு மொழி ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. மனுஷங்க, மிருகங்க வளர்றதுக்கு அப்போ தனியா ‘வாக்ஸ்’னு ஒரு வார்த்தை இருந்துச்சு (மெழுகு இல்ல, அது வேற), நாள் போகப் போக க்ரோ வந்து அது எடத்தையும் புடிச்சுக்கிச்சு. அதனால தானா வளர்றத சொல்லும்போது யாருக்கும் தடையில்ல, “த பப்பி இஸ் க்ரோயிங் ஃபாஸ்ட்” தாராளமா எழுதலாம். ஒருத்தர் இன்னொண்ண வளர்க்கறாருன்னு சொல்ல வரும்போது தான் கதவ மூடிடறாங்க. அந்த ‘வளர்க்கற’ பொருளே 18ஆம் நூற்றாண்டு கடைசி பக்கமா தான் புழக்கத்துக்கு வந்துச்சு, அதுவும் பயிர் பச்சைக்கு.

தமிழ்ல நமக்கு இந்த குழப்பமே இல்ல, பாருங்க. வளர்ந்தான், வளர்த்தான். ஒரு மெய்யெழுத்து மாறினா தானா வளர்ந்ததா யாரோ வளர்த்ததான்னு தெரிஞ்சுடும். இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் ஒரே ‘க்ரூ’. நம்ம புள்ளைங்க இடறி விழற எடம் அது தான். நாய க்ரோ பண்றோம்னு சொன்னா கேக்கறவன், நீங்க நாய தொட்டில நட்டு காலைல சாயங்காலம் தண்ணி ஊத்தறீங்கன்னு நினைச்சுப்பான்னு பொண்ணுகிட்ட சொல்லுங்க, ஜென்மத்துக்கும் மறக்க மாட்டா.

அப்போ தாடி வளர்க்கறதுக்கு மட்டும் எப்படி க்ரோ? தாடி என்ன செடியா? — விழுப்புரம்

கிட்டத்தட்ட. நீங்க ஒரு வேலையும் செய்யல, ஷேவ் பண்ணாம இருந்தீங்க, அவ்ளோ தான். தாடிக்குன்னு சொந்த புத்தி கிடையாது, உள்ள இருந்து அது பாட்டுக்கு வருது. தலைமுடி, மீசை, நகம் எல்லாம் இந்த கணக்கு தான். பல்லிக்கு வால் அறுந்து திரும்ப வந்தாலும் ‘க்ரோஸ் பேக்’. நாய்க்கும் புள்ளைக்கும் சொந்த புத்தி இருக்கு, அதனால அங்க க்ரோ செல்லாது. எல்லா எடத்துக்கும் இது பொருந்தும்னு சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா பத்துக்கு எட்டு தடவை காப்பாத்தும்.

மருமகளுக்கு அஞ்சாம் மாசம். யூரின் கல்ச்சர்னு ஒரு டெஸ்ட் எடுக்கச் சொன்னாங்க. ரிப்போர்ட்ல பெரிய எழுத்துல ‘நோ க்ரோத்’னு போட்டிருந்துச்சு. புள்ளைக்கு வளர்ச்சியே இல்லன்னு நினைச்சு எங்க வீட்ல ராத்திரி முழுக்க ஒரே அழுகை. டாக்டரம்மா சிரிச்சுட்டு “எல்லாம் நார்மல்”னு அனுப்பிட்டாங்க. என்னதான் அர்த்தம்? — தென்காசி

ஐயா, அது இனிப்பு வாங்கிக் குடுக்க வேண்டிய ரிப்போர்ட். அந்த டெஸ்ட்டுக்கும் வயித்துல இருக்கற புள்ளையோட வளர்த்திக்கும் சம்பந்தமே இல்ல.

என்ன பண்றாங்கன்னா, சிறுநீர்ல ஒரு துளிய எடுத்து, கிருமிங்களுக்கு புடிச்ச சத்தெல்லாம் கலந்து கெட்டியா உறைய வச்ச ஒரு சின்ன தட்டுல இழுத்து விடுவாங்க. அத நம்ம உடம்பு சூட்டுல, அதாவது 37 டிகிரி செல்சியஸ்ல ஒரு நாள், சமயத்துல ரெண்டு நாள் வைப்பாங்க. கிருமி இருந்துச்சுன்னா அந்த நேரத்துல ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகி, லட்சக்கணக்குல பெருகி கண்ணுக்கே தெரியற மாதிரி புள்ளி புள்ளியா கெளம்பிடும். அந்த புள்ளி தான் லேப்காரங்க பாஷைல ‘க்ரோத்’. உங்க மருமகளோட தட்டுல ஒண்ணும் கெளம்பல, அதனால ‘நோ க்ரோத்’, அதாவது இன்ஃபெக்‌ஷன் இல்ல. கெளம்பியிருந்தா என்ன கிருமின்னு பாத்து, எந்த ஆன்டிபயாடிக்குக்கு அது அடங்கும்னு கீழ ‘சென்சிட்டிவிட்டி’ன்னு ஒரு பட்டியலும் வந்திருக்கும். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு எரிச்சல், வலி எதுவும் இல்லாமலே சிறுநீர்ல கிருமி இருக்கலாம், கவனிக்காம விட்டா கிட்னி வரைக்கும் ஏறிடும், அதான் முன்னாடியே பாத்துடறாங்க.

புள்ளையோட வளர்த்திய பாக்க தனியா ‘க்ரோத் ஸ்கேன்’னு ஒண்ணு உண்டு, பெரும்பாலும் ஏழாம் மாசம் தாண்டினப்புறம் எடுப்பாங்க, தலை சுத்தளவு, வயித்து சுத்தளவு, தொடை எலும்பு நீளம் எல்லாம் அளந்து எடை இவ்ளோ இருக்கலாம்னு கணக்கு போடுவாங்க. அங்க க்ரோத் இருக்கணும்.

மூணாவதா ஒண்ணும் இருக்கு, அதையும் சொல்லிடறேன், வேற யாருக்காவது உதவும். ரிப்போர்ட்ல ‘எ க்ரோத்’னு முன்னாடி ஒரு ‘எ’ சேந்து வந்தா அது வளர்ச்சி இல்ல, கட்டி. சாதா கட்டியாவும் இருக்கலாம், வேற மாதிரியாவும் இருக்கலாம், டாக்டர் தான் பாத்து தேவைப்பட்டா பயாப்சி எடுக்கச் சொல்வாங்க. ஒரே வார்த்தை, ஒரு பேப்பர்ல இல்லன்னா சந்தோஷம், இன்னொண்ணுல இருந்தா சந்தோஷம், மூணாவதுல இருந்தா உடனே டாக்டர போய் பாக்கணும். கூகுள்ல தட்டிப் பாக்காம டாக்டரம்மாகிட்டயே “விளக்கமா சொல்லுங்க”ன்னு நின்னு கேக்கறது தப்பே இல்ல, ஃபீஸ் குடுக்கறோம்ல.

பையனுக்கு ஆறு வயசு, ராத்திரியானா கால் வலிக்குதுன்னு அழறான். ‘க்ரோயிங் பெயின்ஸ்’னு சொல்றாங்க. வளர்றதுக்கு வலிக்குமா? — கரூர்

பேர் அப்படி, ஆனா வளர்றதால தான் வலிக்குதுன்னு இதுவரைக்கும் யாரும் நிரூபிக்கல. 1823ல ஒரு ஃப்ரெஞ்சு டாக்டர் எழுதி வச்ச பேர் அப்படியே ஒட்டிக்கிச்சு. மூணு வயசுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வர்றது சகஜம், ரெண்டு கால்லயும் வரும், சாயங்காலம் ராத்திரில வரும், காலைல எந்திரிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுவாங்க. எண்ணெய் தேச்சு நீவி விடுங்க. ஆனா ஒரே கால்ல மட்டும் வலி, வீக்கம், காய்ச்சல், நொண்டி நடக்கறான்னா அது இந்த கணக்கு இல்ல, டாக்டர்கிட்ட காமிங்க.

இன்டர்வியூல “ஐ வாஸ் க்ரோன் அப் இன் மதுரை”ன்னு சொன்னேன், எதிர்ல இருந்தவங்க ஒருத்தரையொருத்தர் பாத்துக்கிட்டாங்க. — மதுரை

“ஐ க்ரூ அப் இன் மதுரை”ன்னு சொல்லியிருக்கணும். நீங்களே வளர்ந்தீங்க, அதனால ‘வாஸ்’ வேண்டாம். வளர்த்தது அப்பா அம்மான்னு சேத்து சொல்லணும்னா “ஐ வாஸ் ப்ராட் அப்”. நீங்க சொன்னது “மதுரைல இருந்தப்போ நான் பெரிய ஆளா இருந்தேன்”ங்கற மாதிரி விழுந்திருக்கும், இப்போ என்ன ஆச்சுன்னு யோசிச்சிருப்பாங்க. வேலை கெடச்சுதான்னு எழுதுங்க.

அந்த ‘அப்’ மனுஷனுக்கும் குட்டிங்களுக்கும் தான், நெல்லுக்கும் தென்னைக்கும் வேண்டாம். தென்னை எவ்ளோ உசரம் போனாலும் ‘க்ரோ’ தான். உசரத்துக்கும் அந்த அப்புக்கும் சம்பந்தமில்ல, அது முதிர்ச்சி.

‘க்ரோ ஸ்மாலர்’னு ஒரு இங்கிலீஷ் கதைல படிச்சேன். வளர்ந்து வளர்ந்து எப்படி சார் சின்னதாகும்? — நாகர்கோவில்

அருமையான கேள்வி, நானும் ரசிக்கற எடம் இது. க்ரோவுக்கு பின்னாடி ஒரு குணத்த சொல்ற வார்த்தை வந்துச்சுன்னா, அங்க வளர்ச்சிங்கற அர்த்தமே கழண்டு விழுந்துடும், ‘கொஞ்சம் கொஞ்சமா அப்படி ஆகறது’ மட்டும் மிஞ்சும். க்ரோ டார்க்னா இருட்டிக்கிட்டு வர்றது, க்ரோ ஓல்டுன்னா வயசாகறது, க்ரோ டயர்டுன்னா சலிச்சுப் போறது, க்ரோ தின்னுன்னா எளைச்சுப் போறது. ரயில் தூரமா போகப் போக சின்னதா தெரியுதே, அது தான் உங்க க்ரோ ஸ்மாலர். தேயறதையும் வளர்றதுக்கான வார்த்தைய வச்சே சொல்றாங்க, அவங்களுக்கு அது உறுத்தறதே இல்ல.

இதுல ரெண்டு விஷயம் பாத்துக்கணும். ஒண்ணு, வேகம். படக்குனு கோவம் வந்தா க்ரோ சரிப்படாது, பேசிக்கிட்டே இருக்கும்போது மொகம் மெல்ல மெல்ல மாறிச்சுன்னா “ஹி க்ரூ ஆங்ரி”. ரெண்டாவது, ‘டாக்டர் ஆனான்’னு சொல்ல “ஹி க்ரூ டாக்டர்”னு போட்றாதீங்க, அங்க ‘பிகேம்’ தான். தமிழ்ல ‘ஆனான்’ ரெண்டுக்கும் பொருந்தறதால நம்ம ஆளுங்க இத நிறைய பண்றாங்க.

மேல ஒரு பதில்ல வாக்ஸ்னு சொன்னேனே, அதுவும் இதே மாதிரி ‘ஆகறது’ங்கற பொருள்ல இருந்துச்சு. க்ரோகிட்ட தோத்துப் போனாலும் முக்கியமான ஒரு எடத்த அது விட்டுக் குடுக்கல, நிலா. வளர்பிறைக்கு இன்னைக்கும் ‘வாக்ஸிங் மூன்’ தான், ‘க்ரோயிங் மூன்’னு யாரும் சொல்றதில்ல.

“த சாங் க்ரூ ஆன் மீ”ன்னா பாட்டு என் மேல மொளைச்சிடுச்சா? — புதுச்சேரி

ஆமா, ஆலமரம் மாதிரி! மொதல்ல கேட்டப்போ “என்னடா பாட்டு இது”ன்னு இருந்துச்சு, டீக்கடைல, பஸ்ல, பக்கத்து வீட்லன்னு கேட்டு கேட்டு இப்போ நீங்களே முணுமுணுக்கறீங்க, அது தான். பாட்டு, ஊரு, ஆளு, சாப்பாடு எதுக்கும் சொல்லலாம், ஆனா மொத பார்வையிலயே புடிச்சதுக்கு சொல்லக்கூடாது.

இந்த மாதிரி க்ரோவுக்கு பின்னாடி ஒட்டற வாலு இன்னும் மூணு இருக்கு, மொத ரெண்டும் தீபாவளி சட்டைய வச்சு சொன்னா சுலபமா புரியும். நம்ம வீட்ல பசங்களுக்கு எப்பவுமே ஒரு சைஸ் பெரிசா தானே எடுப்போம், “வளர்ற புள்ளை, அடுத்த வருஷமும் போட்டுக்கட்டும்”னு, அந்த கணக்கு ‘க்ரோ இன்ட்டு’. அடுத்த வருஷம் கை மணிக்கட்டுக்கு மேல ஏறி நின்னா ‘க்ரோ அவுட் ஆஃப்’. விரல் சூப்பறான், பொய் சொல்றான், சின்ன வயசுல திக்கறான்னு கவலைப்படற அம்மாகிட்ட “ஹி வில் க்ரோ அவுட் ஆஃப் இட்”னு சொல்றதும் அதே தான், பழக்கம் அவனுக்கு சின்னதாப் போயிடும். ஃப்ரெண்ட்ஸ் ரெண்டு பேர் சண்டையே போடாம, வேலை கல்யாணம் ஊர் மாத்தம்னு வெலகிப் போனா ‘க்ரோ அபார்ட்’.

எங்க மேனேஜர் மீட்டிங்குக்கு மீட்டிங் “க்ரோ த பிசினஸ்”ங்கறாரு. நீங்க சொல்ற கணக்குப்படி அது தப்பு தானே? அவர்கிட்ட சொல்லவா? — ஓசூர்

இன்க்ரிமென்ட் மாசமா இருந்தா சொல்லாதீங்க.

தப்புன்னு சண்டை போட்டவங்க அமெரிக்காவுலயே நிறைய பேர். 1992 தேர்தல் சமயம் பில் கிளிண்டன் வாயில “க்ரோ த எகானமி” அடிக்கடி வந்துச்சு, எகானமி என்ன தக்காளியான்னு மொழிநடை பாக்கற ஆளுங்க கடுப்பானாங்க. கடுப்பு ஒரு பக்கம் இருக்க, வார்த்தை ஆஃபீஸ் ஆஃபீஸா பரவிடுச்சு, இப்போ டிக்‌ஷனரியும் ஏத்துக்கிச்சு. எனக்கு தனிப்பட்ட முறைல காதுல உறுத்தும். யாரோ ராத்திரி பகலா லோ லோன்னு அலைஞ்சு விரிவாக்கற வியாபாரத்த, விதை போட்டு தண்ணி ஊத்தினா தானா வளர்ந்துடும்ங்கற மாதிரி பேசறது மீட்டிங் ஏசில உக்காந்திருக்கறவங்களுக்கு தான் வரும். இதுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கான், ‘நெகட்டிவ் க்ரோத்’. 2020-21ல கொரோனாவால நாட்டோட ஜிடிபி சுருங்கினப்போ டிவில இத தான் சொன்னாங்க, சுருங்கிடுச்சுன்னு சொல்ல வாய் வரல.

மியூச்சுவல் ஃபண்ட் ஃபார்ம்ல ‘க்ரோத்’னு ஒரு கட்டம், ‘ஐடிசிடபிள்யூ’ன்னு ஒரு கட்டம். க்ரோத்ல டிக் போட்டா பணம் கண்டிப்பா வளரும்னு ஏஜென்ட் சொல்றாரு. — ஈரோடு

ஏஜென்ட மாத்துங்க. அந்த க்ரோத் வாக்குறுதி இல்ல, ஃபண்டுல லாபம் வந்தா உங்க கைல குடுக்காம உள்ளயே போட்டு வைக்கற முறைக்கு பேரு. மார்க்கெட் விழுந்தா அதுவும் சேந்து விழும். இன்னொரு கட்டத்துக்கு முன்னாடி ‘டிவிடெண்ட்’னு பேர் இருந்துச்சு, ஏதோ போனஸ் வர்ற மாதிரி ஜனங்க நினைச்சாங்க, உண்மைல நம்ம யூனிட்டோட மதிப்புல இருந்து எடுத்து நமக்கே குடுக்கறது தான் அது. அதனால பங்குச்சந்தைய கண்காணிக்கற செபி பேர மாத்தச் சொல்லி, 2021 ஏப்ரல் 1ல இருந்து வருமானத்த பிரிச்சுக் குடுக்கறதோட, போட்ட முதல்லயும் கை வைக்கறோம்னு அர்த்தம் வர்ற மாதிரி ‘இன்கம் டிஸ்ட்ரிப்யூஷன் கம் கேப்பிடல் வித்ட்ராயல்’ங்கற அந்த நீட்டு பேர் வந்துச்சு. நாலெழுத்துல சுருக்கினதால மறுபடியும் யாருக்கும் புரியல, அது வேற கதை.

லேப் க்ரோன் வைரம் உண்மையான வைரமா, கண்ணாடியா? — கோயம்புத்தூர்

வைரம் தான், அதே கார்பன், அதே கடினம். மெலிசா ஒரு வைரத் தகட்ட சேம்பர்ல வச்சு, மீத்தேன் மாதிரி கார்பன் இருக்கற வாயுவ விட்டு சூடாக்கி, வாரக்கணக்குல படலம் படலமா ஏத்தறாங்க. அந்த தகட்டுக்கு அவங்க வச்ச பேர் ‘சீட்’, விதை! செடி வார்த்தை எங்க போய் நிக்குது பாத்தீங்களா. இந்தியால சூரத் தான் இதுக்கு பேர் போன ஊர். 2023 ஜூன்ல பிரதமர் மோடி அமெரிக்கா போனப்போ அப்போதைய அதிபரோட மனைவி ஜில் பைடனுக்கு குடுத்த 7.5 கேரட் வைரம் இந்த வகை தான். ஆனா முதலீடுன்னு நினைச்சு வாங்காதீங்க, திரும்ப விக்கப் போனா போட்ட காசு வராது. போட்டுக்க ஆசையா இருந்தா தாராளமா வாங்குங்க.

“மனி டஸ்நாட் க்ரோ ஆன் ட்ரீஸ்” — தமிழ்ல? — திருச்சி

“பணம் என்ன மரத்துலயா காய்க்குது?” வளருதான்னு நம்மாளு கேக்க மாட்டான், காய்ச்சிருக்கான்னு தான் பாப்பான்.

தலைகீழா கேக்கறேன். நம்ம ‘வளர்’ வர்றத எல்லாம் இங்கிலீஷ்ல சொல்ல முடியுமா? — யாழ்ப்பாணம்

முடியும், ஆனா க்ரோவ வீட்லயே விட்டுட்டு வரணும். “பேச்சை வளர்க்காதே”ன்னா ‘டோன்ட் ட்ராக் இட் ஆன்’. சங்கம் வச்சு தமிழ் வளர்த்தாங்கன்னா ‘நர்ச்சர்’, ‘ஃபாஸ்டர்’னு ஏதாவது போடணும். அக்னி வளர்க்கறதுக்கு ‘கிண்டில்’, அப்புறம் அணையாம பாத்துக்கறதுக்கு ‘டெண்ட்’. தாலாட்டுலயும் பிள்ளைத்தமிழ்லயும் ‘கண்வளராய்’னு வருமே, அத மெஷின்ல போட்டு மொழிபெயர்க்கச் சொன்னா புள்ளைக்கு கண்ணு பெரிசாகுதுன்னு சொன்னாலும் சொல்லும். தூங்குன்னு சொல்றதுக்கு ‘வளர்’னு ஒரு வார்த்தைய எவன் மொதல்ல போட்டானோ, அவனுக்கு ஒரு கும்பிடு.

எனக்கு 54 வயசு. கேரம் போர்டுல தோத்ததுக்கு பேரன்கிட்ட சண்டை போட்டேன், கல்லூரில படிக்கற என் பொண்ணு “க்ரோ அப், பா!”ன்னுட்டா. என்ன பதில் சொல்றது? — வேலூர்

“இதுக்கு மேலயா”ன்னு கேட்டுட்டு காய அடுக்குங்க.